மூன்றாவது தங்கபுஷ்பம்

மழையால் அன்று பைத்தான் கம்ப்யூட்டர் வகுப்புக்கு வந்தவள் தங்கபுஷ்பம் ஒருத்திதான். வருகைக் கோப்பில் தன் பெயரைச் சேர்ப்பது பயிற்சி. சேர்ந்ததோ என்னவோ என்று புரோகிராமை மூன்று தடவை ஓட்டிவிட்டாள்.

லூர்து சார் கோப்பைத் திறந்து வாசித்தார்.

"தங்கபுஷ்பம்."

"உள்ளேன் சார்" என்றாள்.

"தங்கபுஷ்பம்."

காலியான பின்வரிசையிலிருந்து அவள் குரலே "உள்ளேன் சார்" என்றது. மூன்றாவது தடவை, சன்னலோரத்திலிருந்து. திரும்பிப் பார்க்க அவளுக்குக் கழுத்து இடங்கொடுக்கவில்லை.

சார் திரையிலிருந்து தலை நிமிரவில்லை. "ஒரே பேரு மூணு தடவை இருக்கே. கோப்பை 'டபிள்யூ' போட்டுத் திறம்மா, பழசெல்லாம் அழிஞ்சிரும். பெறவு எழுது. ஒரு தங்கபுஷ்பம் போதும்."

அவள் கை கீபோர்டுக்குப் போவதற்குள், சன்னலோரத்துக் கீபோர்டில் படபடவென்று தட்டும் சத்தம் கேட்டது.