இன்னொரு பிரேக்

அந்தப் பழைய சின்னக் காரின் துருப்பிடித்த தரையை அறுத்தெடுத்துப் புதுத் தகடு பொருத்திய வெல்டரிடம், கணவர் பிடிவாதமாக இன்னொன்றும் கேட்டார். பக்கத்து இருக்கைக்கு முன்னாலும் ஒரு பிரேக் வேண்டும். மனைவி இப்போதுதான் கார் ஓட்டப் பழகியிருந்தாள். அவருக்கோ உயிர் வெல்லம்.

வண்டி கைக்கு வந்த அன்றே மனைவி ஓட்ட, கணவர் பக்கத்தில் அமர்ந்தார். முதல் திருப்பத்திலேயே சந்துக்குள்ளிருந்து ஒரு லாரி குறுக்கே பாய்ந்தது.

"ஏய், லாரி! லாரி!"

அலறிக்கொண்டே தன் பிரேக்கை ஓங்கி மிதித்தார். லாரிக்கு ஒரு சாண் இடைவெளியில் கார் குலுங்கி நின்றது.

"பாத்தியா? நான் மட்டும் மிதிக்கலைன்னா இந்நேரம் ரெண்டு பேரும் போய்ச் சேர்ந்திருப்போம்!"

அவள் வண்டியைப் பட்டறைக்கே திருப்பினாள்.

கணவர் இறங்கி ஓடி வெல்டரின் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க வச்ச பிரேக்தாங்க எங்களைக் காப்பாத்துச்சு!"

வெல்டர் திருதிருவென விழித்தார். "அதுக்கு இன்னும் கனெக்‌ஷனே குடுக்கலையே சார். இப்போதைக்கு அது வெறும் பெடல்தான். அம்மாகிட்ட சொல்லித்தானே அனுப்பினேன்?"

கணவர் மெல்ல மனைவி பக்கம் திரும்பினார்.

"சொன்னாரு," என்றாள் அவள். "உங்ககிட்ட சொல்லியிருந்தா நீங்க ஏறியிருப்பீங்களா?"