எனக்கென்று யாருமில்லை

"அதை நான் சொல்ல மாட்டேன்."

அட்டையை வார்டன் கையிலேயே திருப்பி வைத்தாள் மிளகாய். பதினொரு வயது. கோபம் வந்தால் மூக்கு நுனி சிவந்துவிடும். அநாதை இல்லத்துப் பிள்ளைகள் வைத்த அந்தப் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

சர்ச் ஹாலின் பின்னறை. ஒரே துணியில் தைத்த உடுப்போடு இருபது பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் கிறிஸ்துமஸ் விருந்து. பன்னிரண்டு மேசைகள், வெள்ளைக் காகித விரிப்பு, நல்ல உடுப்பில் விருந்தினர்கள். அவர்கள் மனம் இளகிக் கொடுப்பதை வைத்துத்தான் இல்லம் அடுத்த கிறிஸ்துமஸ் வரை ஓட வேண்டும்.

பத்து வயது தாண்டியவர்கள் மேடையில் ஆளுக்கொரு அட்டை சொல்வது வழக்கம். எழுதிக் கொடுப்பது கமிட்டிச் செயலாளரம்மா. மிளகாய்க்கு இதுதான் முதல் அட்டை. 'எனக்கென்று யாருமில்லை. உங்களைத்தான் நம்பியிருக்கிறேன்.'

"கண்ணை மூடிட்டுச் சொல்லிட்டு இறங்கிடு" என்றாள் வார்டன்.

"கண்ணை மூடலாம். வாயை என்ன பண்றது?"

முன்னால் நின்ற முயல் திரும்பினாள். அவளுக்கு முன்பற்கள் இரண்டும் பெரிது.

"எனக்கு 'தினமும் வயிறாரச் சாப்பிடுகிறேன்'னு வந்திருக்கு. மாத்திக்கலாமா? எனக்குத்தான் யாருமே இல்லையே, கூச்சப்படாம சொல்லிடுவேன்."

"பேரோட அச்சடிச்சு மேசைக்கு மேசை வெச்சாச்சு. நீ திரும்பி நில்லு."

வார்டன் மிளகாயைத் தட்டு அடுக்கியிருந்த மூலைக்கு இழுத்துப் போனாள். குரலைத் தாழ்த்தினாள்.

"போன வருஷம் ஒருத்தி மேடையில வாயே திறக்காம நின்னா. அதுக்கே என்னை நிக்க வெச்சுக் கேள்வி கேட்டாங்க. இந்தத் தடவையும் அப்படி நடந்தா என்னை அனுப்பிடுவாங்க. உன்னையும் வெச்சுக்க மாட்டாங்க. ரெண்டு பேரும் தெருவுல நிக்கணும்."

"நிப்போம்."

"பேச நல்லாத்தான் இருக்கும். மழை பெய்யுறப்பத்தான் தெரியும்."

"ரிஜிஸ்டர்ல என்ன வேணா எழுதியிருக்கட்டும். அதை நானா படிக்கப் போறேன்? என் வாயால சொல்லச் சொல்லாதே."

"சொல்லாதீங்கன்னு பேசு."

"சொல்லாதீங்கம்மா."

இல்லத்தில் எல்லாப் பிள்ளைகளும் வார்டனை அம்மா என்றுதான் கூப்பிடும். மிளகாய் கூப்பிடும்போது மட்டும் அது அதட்டல் மாதிரி இருக்கும்.

வார்டன் அவள் காலரைச் சரிசெய்தாள். அது சரியாகத்தான் இருந்தது.

"சொல்லிடு கண்ணு. எனக்காக."

"உங்களுக்காகத்தான் மாட்டேங்கிறேன்."

கதவு திறந்தது. வரிசை நகர்ந்தது.

மேடைப் படியை ஒட்டிய மேசையில் செயலாளரம்மா தலைமை விருந்தினரான டாக்டரோடு பேசிக்கொண்டிருந்தாள்.

"எங்க வார்டனுக்குக் குடும்பம் குட்டின்னு எதுவும் கிடையாது டாக்டர். அப்படிப்பட்டவங்களைத்தான் எடுப்போம். சொந்தப் பிள்ளை இருந்தா ஓரவஞ்சனை வந்துடும் பாருங்க."

"ரொம்பச் சரி" என்றார் டாக்டர், சூப்பிலிருந்து தலையை எடுக்காமல்.

மிளகாயின் மூக்கு சிவந்தது.

ஒவ்வொரு பிள்ளையாக மைக்குக்குப் போனது. ஒவ்வொரு அட்டைக்கும் விருந்தினர்கள் கரண்டியைக் கீழே வைத்தார்கள், உச்சுக்கொட்டினார்கள், கரண்டியை எடுத்துக்கொண்டார்கள். முயல் வயிறாரச் சாப்பிடுவதைச் சொன்னபோது அவள் கண் முதல் மேசைக் கேக்கின் மேல் இருந்தது. சிரிப்பு எழுந்தது. அடுத்தது மிளகாய்.

"எனக்கு..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள்.

செயலாளரம்மா கீழேயிருந்து உதட்டை அசைத்து அடுத்த வார்த்தையை எடுத்துக் கொடுத்தாள். மிளகாய் அவளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"எனக்கு அம்மா இருக்காங்க."

யாரும் கரண்டியை எடுக்கவில்லை.

"அதோ, கதவுகிட்ட நிக்கிறாங்களே, அவங்கதான். எனக்கு யாரும் இல்லைன்னு சொல்லணுமாம். நான் சொல்ல மாட்டேன். யாரையும் நம்பியும் இல்லை."

செயலாளரம்மா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். முகம் கறுத்துவிட்டது. டாக்டர் அச்சடித்த தாளில் அந்த வரியைத் தேடினார்.

அப்போது கதவுப் பக்கம் ஒருவர் கைதட்டும் சத்தம் கேட்டது. வார்டன். சிரித்த முகத்தோடு, விடாமல் தட்டினாள். டாக்டர் தாளை வைத்துவிட்டுத் தானும் தட்டினார். பிறகு முதல் மேசை, அதற்குப் பின்னால் எல்லா மேசைகளும். செயலாளரம்மா மெல்ல உட்கார்ந்து கைக்குட்டையை எடுத்தாள்.

"பெத்த பொண்ணுகூட இப்படிச் சொல்லாது டாக்டர்."

மிளகாய் மைக்கை விடவில்லை.

"பெத்த பொண்ணுதான்" என்றாள், உரக்க.

ஹாலே எழுந்து நின்று தட்டியது. மூன்று வருடத்துக்கு முன் இந்த வேலைக்காகத் தான் பெற்றவளை யாருமற்றவள் என்று எழுதிக் கொடுத்துச் சேர்த்தவள், எல்லாரும் நிறுத்திய பிறகும் தட்டிக்கொண்டே நின்றாள்.