கை கழுவப் போனவர்

அண்ணன் ஆஸ்பத்திரியில் மூச்சுத் திணறிக் கிடக்கிறார் என்று குன்னத்திலிருந்து பெரம்பலூருக்கு ஓடிவந்த ஜோதியை, அவள் கணவர் பழனிவேல் நேராக ஓட்டலுக்கு அழைத்துப்போனார்.

"முதல்ல அண்ணனப் பார்த்துடலாங்க."

"மச்சான் எங்க ஓடிடப் போறாரு? இந்த ஓட்டல் சாம்பாரு பன்னெண்டு மணிக்கு மேல கெடைக்காது."

பரிமாறுபவர் மூன்று இலை போட்டுச் சோறு வைத்தார்.

"ரெண்டு பேருதான்யா!"

"கூட வந்தவரு கை கழுவுறாருங்க."

பழனிவேல் எட்டிப் பார்த்தார். குழாயடியில் ஆளில்லை. உடனே முதலாளியைக் கூப்பிட்டு, ஓட்டல் நடத்துவது எப்படி என்று வகுப்பெடுத்தார்.

ஜோதிக்குச் சோறு இறங்கவில்லை. எதிரே ஆளில்லாத மூன்றாவது இலையில் சோறு குறைந்துகொண்டே வந்தது. கறிவேப்பிலை ஓரத்தில் வரிசையாகச் சேர்ந்தது. அண்ணன் அப்படித்தான் ஒதுக்குவார்.

வகுப்பு முடிந்து பழனிவேல் பாயசம் கேட்டபோது அந்த இலை மடிந்திருந்தது, சாவு வீட்டில் மடிப்பதுபோல வெளிப்பக்கமாக.

குழாயடியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.