கதவில்லாத அறை

தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர்கள் தினமும் காலையில் திரையில், அறை அறையாக வழி தேடி வெளியேறும் ஒரு புதிர் விளையாட்டை முடித்தால்தான் கிரேன் உயிர்பெறும். புத்தி தெளிவாக இருக்கிறதா என்று பார்க்கும் ஏற்பாடு அது. ஆளுக்கொரு கட்டம் வரும்; முடிக்கும்வரை அதேதான். அந்த விளையாட்டை வீட்டிலிருந்து தனியாளாக உருவாக்கியவள் எமல்டா. அங்கே கிரேன் ஓட்டும் அவள் கணவன் கிளாரன்ஸ், "எம் பொண்டாட்டி செஞ்சது" என்று பீற்றிக்கொள்வான்.

புதிய பதிப்பை வெளியிட்டதும், ஒரு கட்டத்தை முடிக்கவே முடியவில்லை என்று, ஆள் பெயர் இல்லாமல், துறைமுகத்திலிருந்து புகார் வந்தது. எமல்டா சிரித்தாள். புதிர் செய்கிறவர்களுக்கு அதைவிடப் பெரிய பாராட்டு ஏது?

அந்தக் கட்டம்தான் கிளாரன்ஸுக்கு விழுந்தது. திரும்பத் திரும்பத் தோற்றான். துறைமுக டாக்டர் மூளைத் தளர்ச்சி என்று மாத்திரை கொடுத்தார். வெட்கத்தில் அவன் வீட்டில் மூச்சுவிடவில்லை.

எமல்டா அவன் சட்டையைத் துவைக்க எடுத்தபோது, பாதிக்கு மேல் தீர்ந்திருந்த மாத்திரை அட்டை அகப்பட்டது. அவனிடம் விசாரித்து நடந்ததை அறிந்தவள் ஓடிப்போய் அந்தக் கட்டத்தைத் திறந்தாள். வெளியிடுமுன் தன் கணினியில் சோதித்துப் பார்க்கும்போது சுவரை ஊடுருவிச் செல்லும் வசதியைப் போட்டவள், அணைக்க மறந்திருக்கிறாள். கதவே வைக்காத அறையைத் தாண்டிப் போனது அவளுக்குத் தெரியவே இல்லை.

அறைக்குக் கதவை வைத்து, திரையை அவனிடம் நீட்டினாள். "தப்பு எம்மேலதாங்க. அதுல வழியே இல்ல. சரி பண்ணிட்டேன், இப்பப் போடுங்க."

சின்னப் பிள்ளைகூட முடித்துவிடும். கிளாரன்ஸ் திரையில் விரலை வைத்தபடி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இதுலயும் வழி இல்லியே, எமல்டா."