தாதருக்கு ஒரு பெர்த்

மும்பை ஆஸ்பத்திரியில் கிடக்கும் அப்பாவைப் பார்க்க, இன்றைய ரயிலில் அவசர ஒதுக்கீட்டில் ஒரு பெர்த் கேட்டாள் சென்னையிலிருக்கும் சுகிர்தா. டிக்கெட் செயலி ஆஸ்பத்திரியை ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, மரியாதையாகவே பதில் சொன்னது.

“வருந்துகிறோம். இந்த வண்டி போய்ச் சேரும்போது உங்கள் தந்தை இருக்க மாட்டார். இடத்தை, நேரத்துக்குப் போய்ச் சேரக்கூடிய இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டோம். காரியத்துக்குத் தோதாக, இருபதாம் தேதி வண்டியில் குடும்பத்துக்கே பெர்த் போட்டிருக்கிறோம்.”

கெஞ்சிப் பார்த்தாள். மறுபடியும் அதே மரியாதை.

அப்பாவே போனில் வந்தார். “டிக்கெட் கிடைச்சுதா கண்ணு?”

“கன்ஃபர்ம் ஆயிடுச்சுப்பா. இருபதாம் தேதி.”

“நல்லதாப் போச்சு. அதுக்குள்ள எழுந்து நடமாடிடுவேன். நீ தாதர்லயே இறங்கு. எப்பவும்போல பிளாட்பாரத்துல வந்து நிக்கிறேன்.”

“சரிப்பா,” என்றாள். “வெயில்ல நிக்காதீங்க.”