அளவுகோல் வைத்து எடுத்த படம்

"கைய எடுங்க அவ மேலருந்து!"

மெரிலின் போட்ட கூச்சலில், பூங்காப் புல்வெளியில் மேய்ந்துகொண்டிருந்த இளஞ்சிவப்புக் கிளிகள் கூட்டமாகக் கலைந்து எழுந்தன.

காரிலிருந்து சால்வையை எடுத்துவர அவள் போய் ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அதற்குள் அவளுடைய மகள் டாலியாவின் மேற்சட்டை ஒரு தோளிலிருந்து இறங்கிக் கிடந்தது. புகைப்படக்காரர் நெவில், வெற்றுப் புஜத்தருகே குனிந்து, அதன்மேல் ஒரு வெள்ளை அளவுகோலை வைத்து, மூச்சுக்காற்று படும் நெருக்கத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

"அறுபது வயசுக்கு மேல இது தேவையா உங்களுக்கு? சனிக்கிழம கல்யாணம் ஆகப்போற பொண்ணு அவ!"

"மெரிலின், ஒரு நிமிஷம் நான் சொல்றதக் கேளுங்க..."

"அம்மா, அவர் மேல தப்பில்ல. நான்தான்..."

டாலியா சட்டென்று நிறுத்தினாள். மணமகன் லாக்லன், நான்கு காப்பிக் கோப்பைகளைத் தட்டில் ஏந்தியபடி வந்துகொண்டிருந்தான். அவனுக்கு முன்னால் ரகளை வேண்டாமென்று மகள் நினைப்பதாக மெரிலின் எண்ணிக்கொண்டாள்.

தவறு தன்மீதுதான் என்றும் தோன்றியது. வசந்தகாலத்தின் எல்லாச் சனிக்கிழமைகளுக்கும் ஆஸ்திரேலிய ஊரான டாம்வொர்த்தின் கல்யாணப் புகைப்படக்காரர்கள் அமர்த்தப்பட்டுவிட்டார்கள். யாரோ கொடுத்த எண்ணில் நெவிலை அழைத்தபோது அவர் தயங்கத்தான் செய்தார்.

"கல்யாணம் எடுக்கறது தனி வேலைங்க, மெரிலின். குதிரப் பந்தயம் எடுக்கறவர் வேற, விக்கப்போற வீட்ட எடுக்கறவர் வேற. நான் பதினெட்டு வருஷம் ஆஸ்பத்திரில படம் எடுத்தவன்."

"ஆஸ்பத்திரியா? அப்போ பச்சக் குழந்தைங்க! அடடா!"

"இல்லீங்க, நான் எடுத்தது..."

"அழற குழந்தையையே சிரிக்கவெச்சவருக்குக் கல்யாணப் பொண்ணு எம்மாத்திரம்? காமிரா எல்லாம் ஒண்ணுதான். ஞாயித்துக்கிழம பத்து மணிக்கு பூங்காவுக்கு வந்துருங்க, ஒத்திகையா சில படம் எடுத்துப் பாக்கலாம்."

அவர் எடுத்த முந்தைய படங்களில் ஒன்றைக்கூட அவள் கேட்டுப் பார்க்கவில்லை.

"என்னாச்சு?" என்றான், காப்பித் தட்டோடு அருகில் வந்துவிட்ட லாக்லன்.

"இந்த மனுஷனுக்கு உன் பொண்டாட்டியாகப் போறவளோட மூஞ்சி தெரியல. கையில இருக்கிற காயந்தான் தெரியுது!"

லாக்லன் சிரித்தான். "குதிர ஏத்தற வண்டிக் கதவுல இடிச்சுக்கிட்டாளே, அதுவா? விடுங்க மெரிலின், பாவம் வயசானவரு. நானே மறச்சுர்றேன்." அவன் தட்டைக் கீழே வைத்துவிட்டு, டாலியாவை அருகே இழுத்து, கன்றிக் கறுத்திருந்த இடத்தைத் தன் உள்ளங்கையால் மூடிப் பிடித்துக்கொண்டான்.

"பாத்தீங்களா? ஒண்ணுமே தெரியல!" மெரிலினுக்கு மனம் குளிர்ந்தது. இப்படியொரு பிள்ளை எத்தனை பேருக்கு வாய்ப்பான்? "ம், இத எடுங்க நெவில்."

நெவில் எடுத்தார். பிறகு காமிராவை மெல்ல இறக்கினார்.

"மத்த படத்துல அந்தக் காயம் தெரியுமே, மெரிலின்."

"அழிச்சிருங்க."

"நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"அழிக்கறதுக்குத்தான கம்ப்யூட்டர் இருக்கு! அழிச்சு அனுப்பிட்டு, சனிக்கிழம வீட்லயே இருங்க. கல்யாணத்த என் தங்கச்சி செல்போன்ல எடுத்துக்குவா."

டாலியா மேற்சட்டையைக் கழுத்துவரை பொத்தானிட்டுக்கொண்டு, காப்பியைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள்.

புதன்கிழமை காலை, கதவடியில் இரண்டு உறைகள் கிடந்தன. இரண்டிலும் மெரிலினின் பெயர்.

முதல் உறையைப் பிரித்தவள் அயர்ந்துபோனாள். இவ்வளவு நன்றாக எடுப்பாரா இந்த மனுஷன்? ஊதாவாகப் பூத்த ஜகரண்டா மரத்தடியில், மேற்சட்டை போடுமுன் கையில்லாத கவுனில் டாலியா. கையில் கறையில்லை, கன்றலில்லை, வெண்ணெய்போல் வழவழவென்றிருந்தது. 'கொஞ்சம் அதிகமாத்தான் பேசிட்டமோ?' என்று நினைத்தபடியே இரண்டாவதைப் பிரித்தாள்.

அதே கை. முன்புறம், பின்புறம், பக்கவாட்டு. ஒவ்வொன்றிலும் அந்த வெள்ளை அளவுகோல். மூலையில் தேதி, நேரம். வெளிப்புறத்தில் வரிசையாக நான்கு கறுப்புத் தடங்கள். உட்புறத்தில் ஒன்று, தடித்து.

எந்தக் கதவு இப்படி இடிக்கும்?

கடைசிப் படத்தில் லாக்லன் சிரித்துக்கொண்டு நின்றான். நான்கு விரல்கள் வெளிப்புறத்தில், கட்டைவிரல் உட்புறத்தில். மெரிலின் காயத்தின் படங்களை அதன் அருகே வைத்தாள். விரலுக்கு விரல், தடத்துக்குத் தடம், உறைக்குள் கத்திபோலப் பொருந்தியது அந்தக் கை.

அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். உறைக்குள்ளிருந்து ஒரு கடிதம் நழுவி விழுந்தது.

'மெரிலின், நான் குழந்தைகளைப் படமெடுத்தவன் அல்லன். அடிபட்டு வந்த பெண்களின் காயங்களை, நீதிமன்றத்துக்காகப் பதினெட்டு ஆண்டுகள் படமெடுத்தவன். டாலியாவின் கையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. நீங்கள் காருக்குப் போனபோது கேட்டேன்; அழுதாள். "அம்மாகிட்ட ரெண்டு தடவ சொன்னேன், நம்பல, படத்தப் பாத்தாலாவது நம்புவாங்க" என்று சொல்லி, அவளே மேற்சட்டையை இறக்கினாள்.

முதல் உறையில், நீங்கள் கேட்டபடி எல்லாவற்றையும் அழித்துவிட்டேன். இரண்டாவதில், உங்கள் மகள் கேட்டபடி எதையும் அழிக்கவில்லை.'