பழைய விளக்கின் சூடு

அன்று மாலை ஆறு மணிக்கு என் மகள் முதன்முதலாகத் தொலைக்காட்சியில் செய்தி வாசிக்கவிருந்தாள். எங்கள் கூடத்துப் புரொஜெக்‌ஷன் தொலைக்காட்சியோ விளக்கு எரிந்துபோய் ஒரு வாரமாக இருண்டு கிடந்தது. புதிய விளக்கு ஐந்தரை மணிக்குத்தான் வந்து சேர்ந்தது. உவகையும் அவசரமுமாக வேலையில் இறங்கினேன்.

மின்செருகியை விளக்கு எரிந்துபோன அன்றே பிடுங்கி வைத்திருந்தேன். இப்போது பின்மூடியைக் கழற்றிப் பழைய விளக்கைத் தொட்டதும் விரல் சுட்டது. "சுடுதே!" என்றேன்.

"ஒரு வாரமா அணைஞ்சு கிடக்கறது எப்படிங்க சுடும்? பதற்றத்துல உளறாதீங்க," என்று மனைவி தொட்டுப் பார்த்தாள். அவளும் கையை உதறினாள்.

ஆராய நேரமில்லை. துணியால் பிடித்து அதனை வெளியே எடுத்துத் தட்டில் வைத்தேன். புதியதைப் பொருத்தித் திருகாணிகளை முடுக்கி, மின்செருகியைச் செருகினேன். திரை ஒளிர்ந்தது. எங்கள் மகள் பெரிதாகத் தோன்றினாள்; ஒரு சொல்லிலும் தடுமாறவில்லை.

"ஐயோ, அப்படியே உங்க மூக்கு! திரை முழுக்க அதுதான்!" என்று மனைவி கைதட்டினாள். திரைக்கு எதிரிலிருந்த நாற்காலியின் இருக்கைக் கம்பிச்சுருள் முன்பே உடைந்துபோயிருந்தது. அதில் யாரும் அமர்வதில்லை. ஆகையால் நாங்கள் தரையில் இருந்தோம்.

செய்தி முடிந்ததும் மகள் தொலைபேசியில் அழைத்தாள். "பயமே வரலைப்பா! ஒரு வாரமா ஸ்டுடியோல ஒத்திகை பண்றப்பல்லாம், வீட்ல உக்காந்து யாரோ என்னையே பாத்துட்டிருக்கற மாதிரி இருந்துச்சு. நீங்கதானேன்னு நினைச்சுக்கிட்டேன்."

"நான்தான்மா," என்றேன்.

பிறகு அந்த நாற்காலியின் இருக்கையில் கை வைத்தேன். அதுவும் சுட்டது.